கூகை கக்கிய பாடம்

பிள்ளைகளின் மேசையில் ஆளுக்கொரு காகிதத் தட்டு. அதன் நடுவே கட்டைவிரல் அளவில், கறுப்பும் சாம்பலுமாக ஒரு காய்ந்த உருண்டை. கூகை கக்கிப்போட்டது என்று ஆசிரியை சொன்ன மறுகணம் வகுப்பே ‘சீச்சீ’ என்று அலறும். கையுறை மாட்டிக்கொண்டு, உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பல்குச்சியாலும் இடுக்கியாலும் பிரிக்கத் தொடங்கினால் அலறல் மெல்ல அடங்கும். மயிர்க்கொத்துக்குள்ளிருந்து முதல் மண்டையோடு வெளியே வந்துவிட்டால், பிறகு மணி அடித்தாலும் பிள்ளைகளை எழுப்ப முடியாது. பிரிட்டனின் தொடக்கப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது வயதுக்காரர்களுக்கு அறிவியல் இப்படியும் நடக்கிறது.

கூகை தன் இரையை மென்று தின்பதில்லை. எலியை அப்படியே விழுங்கும். சதை செரித்துவிடும், செரிக்காத மயிரும் எலும்பும் இரைப்பையில் திரண்டு, நாளுக்கு ஒன்றோ இரண்டோ உருண்டைகளாக வாய்வழியே திரும்பி வரும். பருந்துகளும் இப்படிக் கக்குபவைதான். ஆனால் ஆந்தை இனத்தின் வயிற்று அமிலம் அவற்றினுடையதைவிட வீரியம் குறைந்தது என்பதால் எலும்புகள் முழுதாகத் தப்பி வருகின்றன. ஓர் உருண்டையில் மூன்று, நான்கு மண்டையோடுகள் கிடைப்பது சாதாரணம்.

அடையாளம் காண ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். வோல் எனப்படும் குட்டைவால் எலியின் கடைவாய்ப் பற்களை மேலிருந்து பார்த்தால் கோணல்மாணலாகக் கோடு கிழித்ததுபோலத் தெரியும். மூஞ்சூறின் பல்நுனி சிவந்திருக்கும். அது இரத்தமில்லை, இரும்பு. பல் சீக்கிரம் தேயாமலிருக்க இயற்கை பூசிவிட்ட பூச்சு. வகுப்பு முழுவதற்கும் கிடைத்ததைப் பலகையில் எழுதிக் கூட்டினால் பெரும்பாலும் வோல்தான் முன்னே நிற்கும். வோல் வெட்டப்படாத அடர்ந்த புல்லில் வாழ்வது. புல்வெளியை ஒட்ட வெட்டிவிட்டால் வோல் இல்லை. வோல் இல்லையேல் கூகையும் இல்லை. பாடப்புத்தகம் அம்புக்குறி போட்டுக் காட்டும் உணவுச் சங்கிலி இங்கே எலும்பும் பல்லுமாகக் கைக்கு வந்துவிடுகிறது. வகுப்பறை விளையாட்டு என்று இதை நினைத்துவிட வேண்டாம். ஒரு வட்டாரத்தில் என்னென்ன சிற்றெலிகள் வாழ்கின்றன என்று அறிய ஆய்வாளர்களும் இதே உருண்டைகளைத்தான் பிரிக்கிறார்கள்.

இப்படியெல்லாம் மெனக்கெட வேண்டிய தேவை ஏன் வந்தது? 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் கூட்டாளிகளும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். 4 முதல் 11 வயது வரையிலான 109 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டு வகைப் படங்களைக் காட்டினார்கள். ஒன்று, பிரிட்டனின் சாதாரண உயிரினங்கள், தாவரங்கள். மற்றது, அப்போது உலகையே ஆட்டிவைத்த போகிமான் அட்டை விளையாட்டின் கற்பனை விலங்குகள். எட்டு வயதுப் பிள்ளைகள் போகிமானில் எண்பது விழுக்காட்டை நெருங்கினார்கள். தங்கள் மண்ணின் உயிர்களிலோ சுமார் பாதியைத்தான் பெயர் சொல்ல முடிந்தது. இந்த முடிவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் அதிலேயே ஒரு நல்ல சேதியும் ஒளிந்திருக்கிறது: பிள்ளைகளின் மூளைக்கு நூற்றுக்கணக்கான உயிர்களின் பெயரையும் குணத்தையும் கொள்ளும் இடம் தாராளமாக இருக்கிறது. யார் முதலில் நிரப்புகிறார்கள் என்பதுதான் போட்டி.

நிரப்ப வேண்டியவையோ குறைந்துகொண்டே வருகின்றன. பிரிட்டனின் இயற்கை அமைப்புகள் பலவும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ‘இயற்கையின் நிலை’ அறிக்கைப்படி, ஆராயப்பட்ட உயிரினங்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்று அத்தீவிலிருந்தே மறைந்துபோகும் ஆபத்தில் இருக்கிறது.

உருண்டைக்குச் சொந்தக்காரரே பள்ளிக்கு வந்து இறங்கும் நாளும் உண்டு. காட்டுயிர்களைப் பராமரிப்பவர்கள் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பள்ளிகளுக்கு வருகிறார்கள். கூடத்தில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார, தடித்த தோல் கையுறையின் மேல் வெள்ளை முகத்தோடு கூகை வந்து நிற்கும். அது வளர்ப்பில் பிறந்த பறவையாகத்தான் இருக்கும். காட்டுக் கூகையைப் பிடித்து வைத்திருப்பது அங்கே குற்றம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாக்குருவி என்று பழிக்கப்படும் பறவைக்கு இது மிக நெருங்கிய சொந்தம். பிள்ளைகளை முதலில் திகைக்க வைப்பது அதன் எடைதான். பார்க்க அத்தனை பெரிதாக இருந்தும் முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம்தான் தேறும். மீதியெல்லாம் இறகு. கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அது பறக்கும்போது பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். தலைக்கு மேலே போனதே தெரியாது. சிறகின் முன்னோரத்தில் சீப்புப் பல்போல வரிசையாக உள்ள நுண்ணிறகுகள் காற்றின் ஓசையைக் கொன்றுவிடுகின்றன. இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லாததால், ஒலி இரு காதுகளையும் சற்றே வேறுபட்டு எட்டுகிறது. அதை வைத்தே இருட்டில் புல்லுக்கடியில் ஓடும் எலியின் இடத்தை அது கணித்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்தவருக்கு மறந்துபோகலாம். முகத்தருகே அதன் சிறகு அசைந்தும் ஓசை கேட்காத பிள்ளைக்கு மறக்காது.

இன்னொரு பெட்டியில் முள்ளெலி இருக்கும். தமிழ்நாட்டின் வறண்ட தென்மாவட்டங்களில் வாழும் முள்ளெலியின் தூரத்துச் சொந்தம் அது. பிரிட்டனில் அதற்குத் தோட்டமே வீடு. 1905இல் பீட்ரிக்ஸ் பாட்டர் ஒரு முள்ளெலியைத் துணி வெளுக்கும் அம்மாவாக்கிக் கதை எழுதியதிலிருந்து அது பிரிட்டிஷ் குழந்தைகளின் செல்லம். பள்ளிக்குக் கொண்டுவரப்படுவது பெரும்பாலும் பார்வை போனதாகவோ கால் இழந்ததாகவோ இருக்கும். குணமானதைத் திரும்ப வெளியில் விட்டுவிடுவதுதான் காட்டுயிர் மருத்துவமனைகளின் வழக்கம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முட்கள் அதன் முதுகில். அவை கெட்டிப்பட்ட மயிர்தான் என்று தெரியும்போது பிள்ளைகள் தம் தலையைத் தடவிப் பார்ப்பார்கள். தட்டில் பால் வைக்கக் கூடாது, முள்ளெலிக்குச் செரிக்காது என்ற செய்தி வீட்டுக்குப் போய் தாத்தா பாட்டியையும் திருத்திவிடுகிறது. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகப் பால் வைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

முள்ளெலிக்காக அந்நாட்டில் தனிச் சங்கமே இருக்கிறது. ஆடுமாடு தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே குழி தோண்டி மேலே கம்பி பதிப்பது அங்கே வழக்கம். அந்தக் குழியில் விழுந்து தவித்த முள்ளெலியைக் கண்ட மேஜர் ஏட்ரியன் கோல்ஸ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, குழிக்குள் சாய்தளம் வைக்க வேண்டுமென்று தொடங்கிய முயற்சி 1982இல் பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கமாயிற்று. ஆனாலும் 2020இல் வெளியான பிரிட்டனின் பாலூட்டிகள் சிவப்புப் பட்டியலில் முள்ளெலி அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடியது என்ற இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு முள்ளெலிக்கு இரவில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் திரிய இடம் வேண்டும், வேலிகள் விடுவதில்லை. எனவே சங்கம் கேட்பது ஒன்றே ஒன்று: வேலியின் அடியில் 13 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர் ஓர் ஓட்டை. பள்ளிச் சுவரில் அதை அளந்து போடும் வேலை பல இடங்களில் கணக்கு வகுப்பாகவே மாறிவிட்டது.

இத்தனை நன்மை இருந்தும் இந்த வருகைகள் மேல் விமர்சனம் இல்லாமலில்லை. முள்ளெலி இரவில் நடமாடும் உயிர். பகலில் எழுப்பி, முப்பது பிள்ளைகள் கத்தும் கூடத்தில் வைப்பது அதற்குச் சுகமான அனுபவமாக இருக்க முடியாது. 1824இல் தொடங்கப்பட்ட ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்குநலச் சங்கம், வகுப்பறையில் விலங்கு வளர்ப்பதையே ஊக்குவிப்பதில்லை. விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வது, கைக்குக் கை மாறும்போது யார் பொறுப்பு என்று அது கேட்கிறது. 2018இல் இங்கிலாந்தில் வந்த விதிகளின்படி, காட்சிக்காக விலங்குகளைத் தொழில்முறையில் வைத்திருப்பவர் உள்ளூராட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். விலங்கு ஓய்வெடுக்க நேரமும் ஒதுங்க இடமும் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் அது கிடைக்கும். பிள்ளைகளின் மனக்கதவைத் திறக்கக் கூகையைவிடக் கைதேர்ந்தவர் இல்லை என்பது உண்மை. ஆனால் வந்துபோகும் விலங்கு ஒரு விருந்தாளி. அது வேனில் ஏறிப் போனபின் பிள்ளைகளுக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் நல்ல பள்ளியும் சுமாரான பள்ளியும் பிரிகின்றன.

முந்தைய தலைமுறைகளுக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை. தொட்டார்கள், எடுத்தார்கள், வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பறவைக் கூட்டில் கைவிட்டு முட்டை எடுத்து, ஓட்டையிட்டு ஊதிக் காலி செய்து, பஞ்சு விரித்த பெட்டியில் அடுக்குவது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பிரிட்டிஷ் சிறுவர்களின் சாதாரணப் பொழுதுபோக்கு. நாட்டின் பெயர்பெற்ற இயற்கையாளர்கள் பலரே அப்படித்தான் தொடங்கினார்கள். 1954இல் வந்த பறவைகள் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பூட்டுப் போட்டது. பள்ளிகளில் ‘இயற்கை மேசை’ என்று ஒன்று இருக்கும். இறகு, பாம்புச் சட்டை, காய்ந்த கூடு என்று கண்டதையெல்லாம் பிள்ளைகள் கொண்டுவந்து வைப்பார்கள். 1930களில் ‘ரோமனி’ என்ற பெயரில் ஒருவர் நாயோடு காட்டில் நடப்பதுபோலப் பிபிசி வானொலியில் சொன்ன கதைகளைக் கேட்க நாடே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. பிறகு வந்த 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் கிராமப்புறச் சட்டம் மேலும் பல உயிர்களுக்குக் காவல் போட்டது. தேவையான காவல்தான். இருந்தாலும் ஒரு விநோதம் நேர்ந்துவிட்டது: உயிர்களைப் பாதுகாக்கும் சட்டம் வலுக்க வலுக்க, பிள்ளைகளுக்கும் அவற்றுக்கும் இடையே தூரமும் கூடிவிட்டது. இன்றைய கள வகுப்புகள் அந்தத் தூரத்தைச் சட்டத்துக்குள் நின்றே குறைக்கப் பார்ப்பவை.

அவற்றில் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் குளத்தில் வலைவீசுவது. கோடைக்கு முந்தைய மாதங்களில் எந்த இயற்கைக் காப்பிடத்துக்குப் போனாலும், மரப்பலகைத் துறையில் மண்டியிட்ட பிள்ளைகளின் வரிசையைப் பார்க்கலாம். வெள்ளைத் தட்டில் முதலில் குளத்து நீரை நிரப்பிவிட வேண்டும். பிறகு நீண்ட கைப்பிடி வலையை நீரில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றி, தட்டில் உள்ளும்புறமும் திருப்பிக் கவிழ்க்க வேண்டும். முதலில் வெறும் சேறாகத்தான் தெரியும். அரை நிமிடம் பொறுத்தால் சேறு நகரத் தொடங்கும்.

அந்தத் தட்டில் நடப்பதைத் திகில்படம் என்றே சொல்லலாம். தும்பியின் இளம்பருவம் ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும். சிறகு முளைத்து வெளியேறும் முன் இனத்துக்கேற்ப ஓராண்டோ பல ஆண்டுகளோ நீருக்கடியில் வாழும் வேட்டைக்காரன் அது. தாடைக்கடியில் மடித்து வைத்திருக்கும் கொக்கியை இமைப்பொழுதில் நீட்டித் தலைப்பிரட்டையை இழுத்துக்கொள்ளும். மல்லாந்து நீந்தும் பூச்சி ஒன்றுண்டு. விரலால் தொட்டால் குத்திவிடும். மணலையும் குச்சியையும் நூலால் ஒட்டி உடம்பைச் சுற்றிக் குழாய் கட்டிக்கொண்டு திரியும் கேடிஸ் புழுவைக் குச்சி என்று தூக்கிப்போடாத பிள்ளையே இல்லை. நியூட் எனப்படும் வாலுள்ள இருவாழ்வி சிக்கினால் கூச்சல் உச்சத்துக்குப் போகும். அதில் கொண்டை நியூட் என்ற பெரிய வகையை உரிமமில்லாமல் பிடிப்பதும் கையாள்வதும் சட்டப்படி தவறு. தப்பித்தவறி வந்தால் உடனே நீரில் விட்டுவிட வேண்டும். கட்டுமான நிறுவனங்களையே நடுங்கவைக்கும் இந்தப் பிராணி ஒரு ஜாண் நீளம்கூட இருக்காது.

ஒரு காலத்தில் வசந்தம் வந்தால் தவளை முட்டைகளை ஜாடியில் அள்ளிவந்து வகுப்பு ஜன்னலோரம் வைக்காத பள்ளி கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பாடத்திட்டம் இருவாழ்வியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கேட்கிறது. கண்ணெதிரே வால் சுருங்கிக் கால் முளைப்பதைவிட வேறென்ன பாடம் வேண்டும்? ஆனால் 1980களிலிருந்து பிரிட்டிஷ் தவளைகளை ரானாவைரஸ் என்ற நோய் கொன்றுவருகிறது. ஒரு குளத்து முட்டையும் நீரும் இன்னொரு குளத்துக்குப் போனால் நோயும் கூடவே போகும். அதனால் இப்போதைய விதி எளியது: எடுத்தால் கொஞ்சமாக எடு, எடுத்த குளத்திலேயே விடு. வலையையும் காலணியையும் கழுவிக் காயவைத்துவிட்டே அடுத்த குளத்துக்குப் போக வேண்டும்.

ஆற்றங்கரைப் பள்ளிகள் சிலவற்றில் டிரவுட் மீனின் முட்டைகள் குளிர்காலத்தில் வகுப்புக்கு வருகின்றன. தொட்டி நீரைக் குளிரூட்டி வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, செத்த முட்டைகளை நாள்தோறும் பொறுக்கி எடுப்பது பிள்ளைகளின் வேலை. பொரித்த குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள்கரு மூட்டையைச் சுமந்துகொண்டு சரளைக்குள் கிடக்கும். மூட்டை கரைந்து, நீந்தக் கற்றபின் ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். அதற்கும் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். விடும் நாளில், இந்தக் குஞ்சுகளில் மிகச் சிலவே பெரிய மீனாகும் என்பதையும் ஆசிரியர்கள் மறைப்பதில்லை. அது நல்ல பழக்கம். குழந்தைகளுக்கு இயற்கையைச் சர்க்கரை தடவித்தான் தர வேண்டுமென்று எந்த அவசியமும் இல்லை.

1943இல் தொடங்கிய களக் கல்விக் கழகத்தின் மையங்களில் தங்கிப் படிக்கும் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு லாங்வொர்த் பொறி அறிமுகமாகும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய அலுமினியப் பெட்டி அது. ஒரு குறுகிய குழாய், அதன் முடிவில் ஓர் அறை. அறைக்குள் வைக்கோலும் தானியமும் போட்டு, மாலையில் வேலியோரம் வைத்துவிட்டு வருவார்கள். மூஞ்சூறு மாட்டிக்கொண்டால் சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே செத்துவிடும் என்பதால் ஈயின் கூட்டுப்புழுக்களையும் போட வேண்டும்; மூஞ்சூறு சிக்கும் வாய்ப்புள்ள இடத்தில் உரிமமும் வேண்டும். விடிந்ததும் குழாயின் கதவு மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். பெட்டியைப் பிளாஸ்டிக் பைக்குள் கவிழ்த்து, எடை போட்டு, ஆணா பெண்ணா என்று பார்த்து, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். எலியைத் தொடுவது பயிற்சியாளர் மட்டும்தான். ஆனாலும் பொறியை வைத்த பிள்ளைக்கு அது ‘என் எலி’.

தொடவே கூடாத உயிரும் உண்டு. பிரிட்டனில் வாழும் 18 வகை வௌவால்களும் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றில் சிலவற்றிடம் வெறிநோய்க் கிருமிக்கு உறவான வைரஸ் இருக்கிறது. 2002இல் ஸ்காட்லாந்தில் வௌவால்களைக் கையாண்டுவந்த ஒருவர் அதனால் இறந்துபோனார். எனவே பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது வௌவாலின் குரல். உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று, மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியைக் கேட்கும் ஓசையாக மாற்றித் தரும். அந்தி மயங்கும் நேரத்தில் கருவியின் குமிழை 45 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் சாதாரணப் பிப்பிஸ்ட்ரெல், 55க்குத் திருப்பினால் அதன் இரட்டைச் சகோதரன் போன்ற இன்னோர் இனம். பூச்சியை நெருங்க நெருங்கத் தட்டும் ஓசை விரைவாகி, கடைசியில் ஒரு நீண்ட ‘ப்ர்ர்’ரில் முடியும். பிடித்துவிட்டது! ஐந்து கிராம் எடையுள்ள அந்த உயிர் ஒரே இரவில் மூவாயிரம் பூச்சிகள் வரை தின்னும் என்று சொன்னால், கொசுக்கடியில் நெளிந்துகொண்டு நிற்கும் பிள்ளைகள் உடனே அதன் கட்சிக்குச் சேர்ந்துவிடுகிறார்கள்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. 2009இல் சர்ரே மாவட்டத்தில் பிள்ளைகள் விலங்குகளைத் தொட்டு விளையாடும் ஒரு பண்ணைக்குப் போனவர்களில் 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 தொற்றியது. பெரும்பாலோர் சிறுவர்கள், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. காட்டுயிர்களல்ல, ஆடுமாடுகள்தான் அந்தக் கிருமியின் வழக்கமான இருப்பிடம். ஆனால் அதன் பிறகு எல்லா விலங்குச் சந்திப்புகளிலும் நடைமுறை மாறிவிட்டது. தொட்டபின் சோப்பும் ஓடும் நீரும் கட்டாயம். புட்டியிலிருந்து பிதுக்கித் தடவும் களிம்பு போதாது.

நோய் பயமோ உரிமத் தொல்லையோ அதிகம் இல்லாத உயிர்கள் பூச்சிகளும் புழுக்களும்தான். இரவில் பள்ளி முற்றத்தில் விளக்குப் பொறியை எரியவிட்டு, அதற்குள் முட்டை அட்டைகளை அடுக்கி வைத்தால் காலையில் அந்துப்பூச்சிகள் குழிகளுக்குள் உறங்கிக் கிடக்கும். குளிர்ந்த காலையில் பறக்கச் சோம்பும் அவை, நீட்டிய விரலில் ஏறி உட்காரும். யானை அந்து என்று பெயர்கொண்ட ஒன்று இளஞ்சிவப்பும் ஆலிவ் பச்சையுமாக இருக்கும். இதுவும் நம் ஊர்ப் பூச்சிதானா என்று பிள்ளைகள் சந்தேகப்படுவது வழக்கம். பிரிட்டனில் வண்ணத்துப்பூச்சிகள் அறுபதுக்கும் குறைவு, அந்துப்பூச்சிகளோ ஏறக்குறைய 2,500 வகை. ஆறாம் வகுப்பில் பரிணாமம் பாடமாக இருப்பதால், தொழிற்சாலைக் கரி படிந்த மரங்களில் கறுப்பு நிறமே பெருகிப்போன மிளகு அந்துவின் கதையை அதே பொறியில் சிக்கிய பூச்சியை வைத்துச் சொல்ல முடிகிறது.

மண்புழுவின் கதை இன்னும் வேடிக்கை. செஷயர் மாவட்டத்தில் வில்லாஸ்டன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளி மைதானத்தில் 1980 முதல் மண்புழு அழைக்கும் உலகப் போட்டி நடக்கிறது. ஆளுக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடம், அரை மணி நேரம். தோண்டக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. முட்கரண்டி போன்ற தோட்டக் கருவியை மண்ணில் குத்தி அதிரச் செய்தால் புழுக்கள் தாமாக மேலே வரும். முதலாண்டில் ஓர் இளைஞர் 511 புழுக்களை வரவழைத்தார். அந்தச் சாதனை இருபத்தொன்பது ஆண்டு அசையாமல் நின்றது. 2009இல் அதை உடைத்தவர் பத்து வயதுச் சிறுமி: 567 புழுக்கள். அதிர்வை உணர்ந்து, தன்னைத் துரத்தும் அகழெலி வருவதாக நினைத்துப் புழு தப்பியோடி வருகிறது என்பது, அமெரிக்காவில் இதேபோன்ற வழக்கத்தை ஆராய்ந்தவர்கள் சொல்லும் விளக்கம். டார்வின் தம் கடைசி நூலை 1881இல் மண்புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். தம் புழுக்களுக்குப் பியானோவும் பஸூன் என்ற குழலும் வாசிக்கச் செய்து பார்த்தவர் அவர். இந்தப் போட்டியை ரசித்திருப்பார்.

நீர்நாயும் காட்டுப்பூனையும் பள்ளிக்கு வர முடியாது. அவற்றைப் பார்க்கப் பிள்ளைகள்தான் போக வேண்டும். சர்ரேயில் லிங்ஃபீல்டுக்கு அருகே ஒரு பால்பண்ணைக்காரர் தம் பண்ணையை மாற்றி அமைத்த பிரிட்டிஷ் வனவுயிர் மையம் அதற்குப் பேர்போனது. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் அங்கே கிடையாது. நாற்பதுக்கும் மேற்பட்ட உள்நாட்டு இனங்கள் மட்டும். பராமரிப்பாளர் வேளைக்கு ஒரு விலங்கு முன் நின்று பேசுவார். அங்கே இருக்கும் செவ்வணில் பல பிள்ளைகள் முதல்முறையாகக் காணும் செவ்வணில். 1876இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சாம்பல் அணில் இன்று தென் இங்கிலாந்தின் பூங்காக்களை நிறைத்துவிட்டது. அது சுமந்து வரும் அம்மை நோய் செவ்வணிலைக் கொல்லும். சாம்பல் அணில் இல்லாத சில்லித் தீவுகளின் டிரெஸ்கோவுக்கு, இம்மையத்தின் செவ்வணில்கள் 2013இல் கடற்படை ஹெலிகாப்டரில் போய் இறங்கின. அணிலுக்கு ஹெலிகாப்டரா என்று சிரிக்கும் பிள்ளையின் மனத்தில் அயலினம், நோய், தீவு மூன்றும் ஒன்றாகப் பதிந்துவிடுகின்றன.

இதையெல்லாம் பாடமாகவே வைத்துவிடலாமே என்று வானொலித் தயாரிப்பாளரும் எழுத்தாளருமான மேரி கால்வெல் பல ஆண்டுகள் வாதாடினார். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் ‘இயற்கை வரலாறு’ ஒரு பாடமாகும் என்று 2022 ஏப்ரலில் அரசு அறிவித்தது. 2025இல் வகுப்புகள் தொடங்கும் என்ற இலக்கு தவறிப்போனது. அதே ஆண்டில் பாடம் வரத்தான் போகிறது என்று அடுத்து வந்த அரசு உறுதி சொன்னது. களத்தில் கழிக்கும் நேரத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்ற கேள்வி இன்னும் பாக்கி. பதினாறு வயது தாமதம் என்பது இன்னொரு வாதம். அந்தக் கேம்பிரிட்ஜ் ஆய்வில் எட்டு வயதுக்குப் பின் பிள்ளைகள் அடையாளம் கண்ட உள்ளூர் உயிர்களின் எண்ணிக்கை கூடவேயில்லை, சற்றே இறங்கியது.

பணமும் ஒரு தடை. பேருந்துக் கட்டணமே பல பள்ளிகளின் கையைக் கட்டிப்போடுகிறது. தெரிந்த பறவை நான்கைந்துதான் என்ற தயக்கம் ஆசிரியர்களின் கையைக் கட்டுகிறது. ஆர்எஸ்பிபி என்ற பறவைகள் பாதுகாப்புச் சங்கம் குளிர்காலத்தில் நடத்தும் பள்ளிப் பறவைக் கணக்கெடுப்பு இவர்களுக்கென்றே அமைந்தது: விளையாட்டு மைதானத்தில் ஒரு மணி நேரம், கையில் ஒரு படத்தாள், வந்து இறங்கும் பறவைகளை எண்ணினால் போதும். தார் போட்ட முற்றத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத லண்டன் பள்ளிக்குக்கூடச் சுவரோரம் நாலு மரத்துண்டை அடுக்கி வைக்க இடம் கிடைக்கும். சில மாதம் கழித்துப் புரட்டினால் பூரானும் நத்தையும் உட்லவுஸும் குடியேறியிருக்கும். பதினான்கு கால்களோடு ஓடும் அந்த உட்லவுஸ் பூச்சியே இல்லை; நண்டுக்கும் இறாலுக்கும் பங்காளி. அதைப் பார்க்கப் பேருந்தும் வேண்டாம், உரிமமும் வேண்டாம்.